தட்டி நிமிர்த்தும் கல்வி

பூனாகலை என்னும் பெயர் நாளேடுகளில் இடம்பெறுவது பெரும்பாலும் துயரச் செய்தியோடுதான். 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி, அயலிலுள்ள கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது இப்பகுதியை நாடு முழுவதும் திரும்பிப் பார்த்தது. 2023ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் பூனாகலை கபரகலைத் தோட்டத்தில் மண் சரிந்தபோது மீண்டும் ஒருமுறை பார்த்தது. இடைப்பட்ட காலமெல்லாம் இங்கு மனிதர் வாழ்ந்தனர், உழைத்தனர், தம் கைகளால் அரிய காரியங்கள் பலவற்றைச் செய்தனர் என்பது எவருக்கும் செய்தியாகவில்லை. அத்தகைய காரியங்களுள் ஒன்றைப் பற்றியே இன்று எழுத முற்படுகிறேன். நசுங்கிப்போன பழைய காரின் தகட்டைத் தட்டி நிமிர்த்தும் வேலைதான் அது.

இலக்கியப் பக்கத்தில் கார்த் தகரத்துக்கு என்ன இடம் என்று வாசகர் சிலர் வியக்கக் கூடும். அவர்களது ஐயம் நியாயமானதே. ஆனால் கல்வி, மொழி, மனித உழைப்பு ஆகிய மூன்றும் இப்பக்கங்களுக்கு அந்நியமானவை அல்லவே! இம்மூன்றும் ஒன்றுசேரும் இடமாக ஒரு சிறு தகரக் கொட்டகையை அண்மையில் கண்டேன். கண்டதைச் சொல்லி, அதிலிருந்து எனக்குத் தோன்றியதையும் சொல்லி விடுகிறேன். ஏற்பதும் மறுப்பதும் வாசகர் கையில்.

என் நண்பரொருவர், என்னைப்போலவே ஆசிரியர், தம் தந்தையார் விட்டுச்சென்ற மொறிஸ் மைனர் காரொன்றை வைத்திருக்கிறார். ஒருநாள் மாலை பண்டாரவளையிலிருந்து பூனாகலைக்கு வரும் வழியில் பனிமூட்டம் பாதையை மறைத்துவிட்டது. எதிரே வந்த லொறிக்கு வழிவிட ஒதுங்கியவர் மண்மேட்டிலிருந்த கல்லொன்றில் காரை மோதிவிட்டார். உயிருக்கு ஆபத்து நேரவில்லை. ஆனால் இடதுபக்க முன் மட்கார்ட் ஒரு சோற்றுச் சட்டி அளவுக்கு உள்வாங்கிவிட்டது. நகரத்துக் கராஜ் ஒன்றில் இரண்டே நாட்களில் அதைச் சரிசெய்து, வர்ணம் பூசிப் பளபளக்கக் கொடுத்தார்கள். நண்பருக்கு மகிழ்ச்சி. கூலியும் அதிகமில்லை.

வடகீழ்ப் பருவமழை முடிந்து வெயில் ஏறியபோது மட்கார்டில் மயிரிழைபோல் ஒரு வெடிப்புத் தோன்றியது. பின்னர் வர்ணம் கொப்புளித்தது. ஒருநாள் காலை, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கட்டி பெயர்ந்து கீழே விழுந்தது. விழுந்தது இரும்பன்று, உலர்ந்த பட்டி.

அதன் பிறகே தோட்டத்துக்குக் கீழே, பாதையோரத்தில் கொட்டகை போட்டு டிங்கரிங் வேலை செய்யும் முதியவர் ஒருவரிடம் போனோம். அவரை எல்லோரும் 'பாஸ்' என்றே அழைப்பார்கள். கைத்தொழில் தெரிந்தவரை 'பாஸ்' என்று அழைக்கும் வழக்கம், ஒல்லாந்தர் இந்நாட்டை ஆண்ட காலத்தில் அவர்கள் மொழியிலிருந்து வந்தது. அவர் மட்கார்டை விரலால் இரண்டு இடங்களில் தட்டினார். ஓரிடத்தில் கணீரென்றது, மற்றோரிடத்தில் மொத்தென்றது. மொத்தென்ற இடத்தில் மிஞ்சியிருந்த பட்டியைச் சுரண்டினார். கீழே தகடு, கல்லில் மோதிய அன்று எப்படி நசுங்கியிருந்ததோ அப்படியே கிடந்தது. புதிதாகச் சேர்ந்திருந்தது துரு ஒன்றுதான்.

"மாஸ்டர், இதுக்கு யாரும் வைத்தியம் பார்க்கல. சட்டைய மட்டும் மாட்டி விட்டிருக்காங்க," என்றார் பாஸ்.

அவர் மூன்று நாட்கள் கேட்டார். அந்த மூன்று நாட்களும் பாடசாலை விட்டதும் நான் அங்கே போய் நின்றேன். பார்த்ததை இயன்றவரை தெளிவாகச் சொல்கிறேன்.

மொறிஸ் மைனரின் மட்கார்டுகள் உடலோடு ஒட்டப்பட்டவையல்ல. ஆணியும் நட்டும் கொண்டு பொருத்தப்பட்டவை. ஆகவே முதலில் அதைக் கழற்றினார். உட்புறத்தில் அப்பியிருந்த சேற்றையும் தாரையும் சுரண்டித் துடைத்தார். பிறகு, நாம் எதிர்பார்ப்பதுபோல் சுத்தியலை எடுக்கவில்லை. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து நெடுநேரம் பார்த்தார். பழந்துணியொன்றை விரித்து, அதன்மேல் உள்ளங்கையை வைத்து மெல்ல வழுக்கிச் சென்றார். கண் காணாத மேட்டையும் பள்ளத்தையும் கை காணும் என்பது அவர் கூற்று.

ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் தடிப்புள்ள உருக்குத் தகடு அது. அடிபட்ட தகட்டில் எல்லா இடமும் ஒரே விதமாகக் கெடுவதில்லை. பள்ளத்தின் விளிம்பில் சில இடங்களில் தகடு கூர்மையாக மடிந்துவிடுகிறது. மடிந்த இடம் முன்னிலும் கடினமாகிவிடுகிறது. பள்ளத்தின் பெரும்பகுதியோ உண்மையில் கெட்டுப்போனதன்று. அது தன் பழைய வடிவத்துக்குத் திரும்பவே முயல்கிறது. விளிம்பிலுள்ள மடிப்புத்தான் அதைத் திரும்ப விடாமல் பிடித்துவைத்திருக்கிறது. எனவே பள்ளத்தின் நடுவில் பின்புறமிருந்து ஓங்கி அடிப்பவன் அறியாதவன். அறிந்தவன் விளிம்பிலிருந்து தொடங்குகிறான். எந்த மடிப்புக் கடைசியாக விழுந்ததோ அதை முதலில் விடுவிக்கிறான். முதலில் விழுந்ததைக் கடைசியில் விடுவிக்கிறான். தாழ்ந்த இடத்துக்கு அடியில் 'டொலி' என்னும் கைப்பிடி அளவான இரும்பை அழுத்திப் பிடித்து, அதன் பக்கத்தே உயர்ந்து நிற்கும் இடத்தில் மெல்லத் தட்டுகிறான். சுத்தியல் மேட்டைத் தாழ்த்துகிறது. டொலி பள்ளத்தை உயர்த்துகிறது. பாஸின் கொட்டகையில் நான் கேட்டவை பெரும்பாலும் சிறு தட்டல்கள்தாம். ஓங்கிய அடி ஒன்றைக்கூட மூன்று நாளில் நான் கேட்கவில்லை.

இரண்டாம் நாள் ஒரு சிக்கல் எழுந்தது. பள்ளம் எழுந்துவிட்டது. ஆனால் ஓரிடத்தில் தகடு, பழைய எண்ணெய் டின்னின் அடிப்பாகம்போல், விரலால் அழுத்தினால் உள்ளே போவதும் விட்டால் 'டக்'கென்று வெளியே வருவதுமாக இருந்தது. கல்லில் மோதியபோது அந்த இடம் இழுபட்டு நீண்டுவிட்டது என்றார் பாஸ். நீண்ட தகட்டுக்கு இருக்க இடம் போதவில்லை. அதைச் சுருக்க வேண்டும். காஸ் விளக்கின் சிறு சுடரை ஓரிடத்தில் காட்டி, ஒரு சல்லிக்காசு அளவுக்குத் தகட்டைச் சிவக்கப் பழுக்கச் செய்தார். பழுத்த இடத்தை டொலியின்மேல் வைத்து இரண்டு மூன்று முறை தட்டி, ஈரத்துணியால் ஒற்றினார். ஆவி சீறி எழுந்தது. இவ்வாறு நாலைந்து இடங்களில் செய்ததும் அந்த 'டக்' ஒலி நின்றுவிட்டது.

அப்போதுதான் கொட்டகையில் கையாளாக நின்ற பையன் என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டான். அவன் எங்கள் பாடசாலையில் படித்தவன். சாதாரண தரப் பரீட்சையில் விஞ்ஞானத்தில் சித்தியடையாமல் நின்றுவிட்டவன். அவனுக்கு விஞ்ஞானம் கற்பித்தவனும் நான்தான்.

"சேர், சூடாக்கினா இரும்பு விரியும்னுதானே படிச்சுக் கொடுத்தீங்க? இங்க சூடாக்கினா சுருங்குதே, அது ஏன்?"

வாசகர்களிடம் மறைப்பானேன்? உடனே எனக்கு விடை தெரியவில்லை. ஏதோ சொல்லிச் சமாளித்தேன். இரவு வீட்டில் நெடுநேரம் யோசித்த பிறகே விளங்கியது. பழுத்த இடம் விரியத்தான் பார்க்கிறது. ஆனால் அதைச் சுற்றியுள்ள குளிர்ந்த தகடு இடம் கொடுப்பதில்லை. பக்கவாட்டில் விரிய வழியற்ற சூடான இரும்பு, இளகியிருப்பதால் தன்னுள்ளேயே தடித்துவிடுகிறது. ஆறும்போது எல்லா இரும்பையும்போல் அதுவும் சுருங்குகிறது. சுருங்கும்போது சுற்றியுள்ள தகட்டையும் தன்பால் இழுத்துக்கொள்கிறது. விரிவு பற்றிய விதி பொய்க்கவில்லை. அவ்விதியையே பாஸ் தம் வேலைக்குத் திருப்பிக்கொண்டார். மறுநாள் போய்ப் பையனிடம் இதைச் சொன்னேன். அவன் முகம் மலர்ந்ததை நான் வகுப்பறையில் ஒருநாளும் கண்டதில்லை.

இருபது ஆண்டுகளாக நான் குண்டையும் வளையத்தையும் காட்டி வெப்ப விரிவைக் கற்பித்து வருகிறேன். குண்டு சூடேறினால் வளையத்துள் நுழையாது என்பதை மாணவர் எழுதுவர், மறந்துவிடுவர். பாடசாலையிலிருந்து கூப்பிடு தூரத்தில், அதே விதியைக் கொண்டு ஒருவர் தினமும் சோறு உண்கிறார் என்பதை நான் அறியவில்லை. அறிவற்றவன் என்று எங்கள் பரீட்சை தள்ளிய பையன் கேட்ட கேள்வி, இந்த இருபது ஆண்டுகளில் என் வகுப்பில் எவரும் கேளாத கேள்வி. குறை அவனிடத்தில் இல்லை என்பதை ஒப்புக்கொள்வதே நேர்மை.

மூன்றாம் நாள் பாஸ் அரத்தை எடுத்தார். அரம் சென்ற வழியில் மேடுகள் மினுங்கின. பள்ளங்கள் கருமையாக நின்றன. கருமையாக நின்ற இடங்களை மீண்டும் உயர்த்தினார். இறுதியில், கையாலும் உணர முடியாத மிகச் சிறு குறைகளுக்கு மாத்திரம் கடதாசி போல் மெல்லிதாகப் பட்டி பூசினார். ஆகவே பட்டியே ஆகாது என்பது என் வாதமன்று. பாஸின் வாதமும் அன்று. முற்காலத்தில் கார்த் தொழிற்சாலைகளிலேயே ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்றாசை உருக்கித் தகட்டின் குறைகளை நிரப்பினார்கள். இன்றைய இரசாயனப் பட்டி அதன் பிறகு பரவியது. அது மெல்லிய பூச்சாக இருக்கும்வரை நல்ல துணை. மூன்று மில்லிமீற்றருக்கு மேல் தடிப்பாக அப்பினால் தகட்டோடு சேர்ந்து நெளிய முடியாமல் வெடிக்கிறது. வெடிப்பின் வழியே நீர் இறங்குகிறது. பட்டி அதை உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. அடியில் இரும்பு துருவாகிறது. ஊவாவின் மழையிலும் பனியிலும் இது நடக்க அதிக காலம் வேண்டியதில்லை.

இத்தனையும் ஒரு பழைய காருக்காகவா என்று கேட்கலாம். பழைய கார் நம் நாட்டில் பொழுதுபோக்குப் பண்டமன்று. அலெக் இஸிகோனிஸ் என்னும் வல்லுநர் வடிவமைத்த மொறிஸ் மைனர், 1948ஆம் ஆண்டு இலண்டன் கண்காட்சியில் முதன்முதல் வெளிவந்தது. 1970களின் தொடக்கத்தில் அதன் உற்பத்தி நின்றுவிட்டது. ஆயினும் இலங்கை வீதிகளில் அது நிற்கவில்லை. 1970களில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தபோது, உள்ள வண்டியைப் பேணுவதே வழியாயிற்று. 2020ஆம் ஆண்டு மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. அந்த ஐந்தாண்டுகளில் பழைய வண்டிகளின் விலை ஏறியதை அறியாதார் இல்லர். நோயாளியைப் பண்டாரவளைக்கோ தியத்தலாவைக்கோ கொண்டுசெல்லவும், மரக்கறி மூட்டைகளைச் சந்தைக்கு ஏற்றவும், பரீட்சைக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லவும் ஓடும் வண்டிகள் பல இத்தகைய கொட்டகைகளில் உயிர் பெற்றவையே.

இன்னொரு செய்தியும் நினைவுகூரத் தக்கது. இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் கார்களைப் பேணும் நிலையமொன்றை நடத்திய சார்ல்ஸ் வெயார் என்பவரின் முயற்சியால், 1990களில் அக்காருக்குரிய தகடுகள் இலங்கையிலே செய்யப்பட்டு இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டன. கார் பிறந்த நாடே அதன் உடலுக்காக நம் தொழிலாளரின் கையை நாடியது! வெளிநாட்டார் மதித்த கையை நாம் மதிக்கிறோமா?

எதிர்வாதங்கள் உண்டு, அவற்றை ஒதுக்கிவிடுதல் முறையாகாது. புதிய கார்களின் உடலமைப்பு வேறு, அங்கே இந்தப் பழைய வித்தை செல்லாது என்பர். இது பாதி உண்மை. இக்காலக் கார்களின் பாதுகாப்புச் சட்டகம் மிகுந்த வலிமையுள்ள உருக்கினால் ஆனது. நெருப்புக் காட்டினால் அதன் வலிமை கெடும்; விபத்தில் உயிரைக் காக்க வேண்டிய பாகம் காக்காது போகும். அங்கே உற்பத்தியாளர் வகுத்த முறையையே பின்பற்ற வேண்டும். ஆனால் மேற்றகட்டில் விழுந்த பள்ளத்தை, வர்ணம் கெடாமல் உட்புறமிருந்து கம்பியால் மெல்ல நெம்பி எடுக்கும் புதிய முறையொன்று இன்று எல்லா நாடுகளிலும் பரவியிருக்கிறது. அதன் அடிப்படையும் பாஸ் அறிந்ததே: விளிம்பை விடுவித்தல், உயர்ந்ததைத் தாழ்த்தித் தாழ்ந்ததை உயர்த்தல், ஒளியைக் கொண்டு வடிவத்தைப் படித்தல். பழைய அறிவு உள்ளவனே புதியதையும் விரைவில் கற்பான்.

மற்றொரு வாதம், மூன்று நாட் கூலி கொடுக்க எவர் இருக்கிறார் என்பது. இதில் குற்றம் கராஜ்காரரிடம் மட்டும் இல்லை. "நாளைக்கே வேண்டும், செலவும் குறைய வேண்டும், பார்வைக்குப் புதிதுபோல் இருக்க வேண்டும்" என்று கேட்பவர்கள் நாமே. பளபளப்புக்கு விலை கொடுப்போம். அடியில் நடக்கும் வேலைக்குக் கொடுக்க மாட்டோம். பட்டி பூசும் கையை உருவாக்கியது நம் அவசரம். என் நண்பர் இரண்டு முறையும் கொடுத்த பணத்தைக் கூட்டிப் பார்த்தபோது, முதலிலேயே பாஸிடம் சென்றிருந்தால் ஆகியிருக்கும் செலவைவிட அதிகம் என்று கண்டார்.

ஆயினும் என்னை வருத்துவது கார்களின் கதியன்று. அந்தப் பையனின் கதி. அவன் அடுத்த மாதம் கொழும்பிலே ஒரு கடைக்கு வேலைக்குப் போகவிருக்கிறான். "தகரம் தட்டுறவனுக்கு யாரு பொண்ணு கொடுப்பா?" என்று அவன் தாயார் கேட்கிறாராம். கொழுந்து பறிக்கும் கூடையிலிருந்து தம் பிள்ளைகளை விடுவிக்க வேண்டும் என்று எண்ணும் பெற்றோரைக் குறைகூற நான் யார்? ஆனால் கடையில் சாமான் எடுத்துக் கொடுப்பதை உத்தியோகம் என்றும், இரும்பின் இயல்பறிந்து வேலைசெய்வதை இழிதொழில் என்றும் கருதும் மனப்பான்மையை அவர்களுக்குக் கற்பித்தவர்கள் யார்? பரீட்சையில் சித்தியடையாதவனுக்கே கராஜ் என்று வகுப்பறையில் பயமுறுத்திய நாமல்லவா?

பாஸுக்கு எழுபதுக்கு மேலாகிறது. அவர் கற்றது தம் பாஸிடம். அவர் கற்றது ஒரு துரையின் கார்களைப் பழுதுபார்த்தவரிடம். எதுவும் எழுதப்படவில்லை. மடிப்பு விழுந்த வரிசையை எப்படி இனங்காண்பது, எவ்வளவு சிவந்ததும் சுடரை எடுப்பது, எந்த ஒலி எதைக் காட்டும் என்பனவெல்லாம் அவர் கையோடும் காதோடும் இருக்கின்றன. தோட்டத்து மக்களின் வாய்மொழிப் பாடல்களை ஸி. வி. வேலுப்பிள்ளை (1914-1984) தேடித் தொகுத்திராவிடில் அவற்றுள் எத்தனை இன்று நமக்குக் கிடைத்திருக்கும்? 1960களில் வீரகேசரி மலையகச் சிறுகதைப் போட்டிகளை நடத்தியபோது, எழுதத் தெரியாதோர் என்று கருதப்பட்ட மக்களிடையிலிருந்து எழுத்தாளர் புறப்பட்டு வந்தனர். பதுளைப் பகுதியின் தோட்டப் பெயரொன்றைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்ட தெளிவத்தை ஜோசப் (1934-2022) இம்மக்களின் வாழ்வை இலக்கியமாக்கினார். பாட்டுக்கும் கதைக்கும் கிடைத்த இந்த மதிப்பு, தொழிலறிவுக்கும் கிடைத்தல் வேண்டும். அதுவும் நம் மக்களின் ஆக்கமே.

செய்யக் கூடியவை பெரிய காரியங்கள் அல்ல. உயர்வகுப்பு மாணவர் இருவரைக் குறிப்புப் புத்தகத்தோடு ஒரு பாஸிடம் அனுப்பலாம். அவர் சொல்வதை அவர் சொல்லிலேயே எழுதிக்கொண்டு, விஞ்ஞான ஆசிரியர் அதற்குக் காரணம் எழுதிச் சேர்த்தால் தமிழில் ஒரு கைந்நூல் உருவாகும். 'டொலி', 'மட்கார்ட்', 'பட்டி' முதலிய சொற்களை விரட்டிவிட்டுப் புதுச்சொல் தேட வேண்டியதில்லை. வழங்கும் சொல்லே நூலுக்கும் உரியது. ஏட்டுப் படிப்பின்றி அனுபவத்தால் தேர்ந்தவரைச் சோதித்துத் தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் வழங்கும் ஏற்பாடு நம் நாட்டில் இருக்கிறது. அதற்கான படிவத்தை நிரப்பிக் கொடுப்பது ஆசிரியர் எவருக்கும் ஒரு மாலைப் பொழுது வேலை. அந்தத் தாளை வீட்டுச் சுவரில் மாட்டினால், பெண் கொடுப்பவர்களின் பேச்சும் சற்று மாறக்கூடும்.

உடல்நலத்தையும் மறத்தலாகாது. பட்டியைத் தேய்க்கும்போது எழும் தூசும், இக்காலத்து இருகலவை வர்ணங்களிலுள்ள ஐசோசயனேற்று என்னும் பொருளும் சுவாசப்பையைக் கெடுப்பவை. பின்னதால் ஆஸ்துமா வரும் என்பது நன்கு அறியப்பட்டது. கைக்குட்டையை முகத்தில் கட்டிக்கொண்டு வர்ணம் தெளிக்கும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல வேண்டியவர்களும் நாமே. தொழிலைப் போற்றிவிட்டுத் தொழிலாளியின் மூச்சைப் பேணாவிடில் அந்தப் போற்றுதலுக்குப் பொருளில்லை.

நண்பரின் கார் இப்போது மீண்டும் பண்டாரவளைப் பாதையில் ஓடுகிறது. மட்கார்டின்மேல் கையை வழுக்கிப் பார்த்தேன். பள்ளம் இருந்த இடம் எனக்குத் தெரியவில்லை. பையன் இன்னும் கொழும்புக்குப் புறப்படவில்லை. ஒருநாள் மாலை அவனை என் வகுப்புக்கு வரச்சொல்லி, பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் முன் அந்தக் கேள்வியைக் கேட்கச் சொல்லியிருக்கிறேன். வருவதாகச் சொன்னான். வந்தால், அவனுக்கு உட்காரக் கொடுக்கப்போவது மாணவர் வாங்கு அன்று, என் நாற்காலிதான்.